பி.எஸ்சி.யில் 52 விழுக்காடு, இப்போது மறுபடி அறிவியல்: எந்த வழியில் திரும்புவது?

பி.எஸ்சி. இயற்பியலோ வேதியியலோ படித்து, அரியர்களை ஒருவழியாக முடித்து, 50-க்கும் 55-க்கும் நடுவே ஒரு விழுக்காட்டோடு வெளியே வந்தவர்கள் நம் ஊரில் ஏராளம். கிடைத்த வேலைக்குப் போயிருப்பார்கள்: பி.பி.ஓ., மருந்து கம்பெனியின் தரக் கட்டுப்பாடு, டியூஷன் சென்டர். மூன்று நான்கு வருடம் கழித்து அவர்களில் சிலருக்குப் பாடத்தின் மேல் ஆசை திரும்புகிறது. எம்.எஸ்சி. படிக்க வேண்டும், முடிந்தால் ஆராய்ச்சிக்கும் போக வேண்டும். “இந்த மார்க்கை வைத்துக்கொண்டு எங்கே சார் போவது?” என்று கேட்கிறார்கள். ஐ.ஐ.டி.க்கான ஜாம் தேர்வா, பக்கத்துக் கல்லூரியா, தபால் வழியா, வெளிநாடா என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்ல, முடிவெடுக்க முடியாமல் ஒரு வருடம் போய்விடுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய மார்க்கைச் சரிசெய்வதற்காக வருடங்களைச் செலவழிக்க வேண்டாம். அடுத்த வாசலில் எந்த மார்க்கைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அதைச் சீக்கிரம் சம்பாதித்துத் தரும் வழியில் போங்கள்.

## பழைய மார்க் எதுவரை துரத்தும்?

பலரும் நினைப்பதைவிடக் குறைந்த தூரம்தான். பிஎச்.டி. சேர்க்கைக்கான யுஜிசியின் 2022 விதிமுறை முதுகலையில் 55 விழுக்காடு கேட்கிறது. எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயரில் வராத ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் விரிவுரையாளர் தகுதிக்குமான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வும் எம்.எஸ்சி. மார்க்கைத்தான் பார்க்கிறது. அதில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. 2023 முதல் இதுதான் தொகை. ஆக, நாட்டுக்குள் ஆராய்ச்சிக்குப் போகும் பெரிய பாதையில் பி.எஸ்சி. 52 என்பது எம்.எஸ்சி. வாசல் வரைக்கும்தான் பெரிய தடை.

பிறகும் சில இடங்களில் அது எட்டிப் பார்க்கும். யுஜிசியின் 2018 விதிமுறையில், பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு யாரை அழைப்பது என்று சுருக்க 100 புள்ளி அட்டவணை ஒன்று இருக்கிறது. இளநிலையில் 60 முதல் 80 வரை எடுத்தவருக்கு அதில் 13 புள்ளி; 45 முதல் 55 வரை எடுத்தவருக்கு 5. எட்டுப் புள்ளி போவது உண்மைதான். ஆனால் அதே அட்டவணையில் பிஎச்.டி.க்கு மட்டும் 30 புள்ளி, ஆய்வுக் கட்டுரைகளுக்குத் தனிப் புள்ளி. ஈடுகட்ட முடியாத இழப்பு இல்லை. தனி நிறுவனங்கள் கூடுதலாகக் கேட்பதும் உண்டு: பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்த இன்டெக்ரேட்டட் பிஎச்.டி.க்குப் பொதுப் பிரிவினரிடம் இளநிலையில் முதல் வகுப்பு எதிர்பார்க்கிறது. அந்த ஒரு கதவு சாத்தியிருப்பதை ஏற்றுக்கொண்டு மற்றவற்றைப் பார்ப்பது நல்லது.

## எதை வைத்து ஒப்பிடுவது?

ஒவ்வொரு வழியையும் ஐந்து கேள்வி கேட்டுப் பார்க்கிறேன்.

1. உள்ளே நுழையப் பழைய விழுக்காட்டைக் கேட்கிறார்களா?
2. முடிக்கும்போது, அடுத்த இடம் மதிக்கும் புதிய மார்க்கோ மதிப்பெண் அட்டையோ கையில் இருக்குமா?
3. ஆய்வகப் பழக்கமும், உங்களைத் தெரிந்த ஓர் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் கிடைக்குமா?
4. கட்டணத்தோடு, இழக்கும் சம்பளத்தையும் சேர்த்து எவ்வளவு ஆகும்?
5. நினைத்தது கைகூடாவிட்டால் என்ன மிஞ்சும்?

ஐந்தாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. இருபத்தாறு இருபத்தேழு வயதில், வீட்டில் கடனோ தங்கை திருமணமோ இருக்கும் நிலையில், எனக்கு அதுதான் முதல் கேள்வியாகப் படுகிறது.

## வேலையை விடுவதற்கு முன் ஒரு சோதனை

மார்க் ஏன் குறைந்தது என்று தெரியாமல் வழியைத் தேர்ந்தெடுக்க முடியாது. காரணங்கள் வேறு வேறு. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, முதல் செமஸ்டரில் ஆங்கிலப் பாடப்புத்தகத்தின் முன் திணறியவர்கள் இருக்கிறார்கள். மாலையில் வேலைக்குப் போய்க்கொண்டே படித்தவர்கள் இருக்கிறார்கள். பொறியியல் கிடைக்காததால் மனமே இல்லாமல் சேர்ந்தவர்களும் உண்டு. இவர்களுக்கெல்லாம் தடையாக இருந்தது சூழ்நிலை. அது இப்போது மாறியிருக்கலாம். கணக்கு புரியாமலே மூன்று வருடத்தை ஓட்டியவருக்கு எதுவும் மாறியிருக்காது. வகைக்கெழுச் சமன்பாடு அன்று புரியவில்லை என்றால் இன்றும் புரியாது, உட்கார்ந்து படிக்கும்வரை.

மார்க் ஷீட்டை செமஸ்டர் வாரியாக எடுத்து வைத்துப் பாருங்கள். முதல் செமஸ்டரில் 41 இருந்து ஆறாவதில் 65 வந்திருந்தால், மொத்த விழுக்காடு 52 ஆனாலும் ஏறுமுகம் இருக்கிறது. நேர்காணலில் அதைத் தயங்காமல் சொல்லலாம். கடைசிவரை 45-லேயே நின்றிருந்தால் படிப்பை அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்புறம், ஐ.ஐ.டி.கள் இணையத்தில் பாடம் நடத்தும் என்பிடெல்லில் உங்கள் பாடத்தில் பி.எஸ்சி. தரத்து 12 வாரப் பாடம் ஒன்றை எடுங்கள். மின்காந்தவியல், வெப்ப இயக்கவியல், கரிம வேதியியல், எது உங்களை அன்று கவிழ்த்ததோ அது. பாடம் இலவசம். தேர்வு மையத்தில் உட்கார்ந்து எழுதும் இறுதித் தேர்வுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வாராந்தரப் பயிற்சிகளுக்கு 25, இறுதித் தேர்வுக்கு 75 என்று மதிப்பிடுகிறார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே இதில் 60-க்கு மேல் எடுக்க முடிந்தால் எம்.எஸ்சி. உங்களால் முடியும். நான்காவது வாரத்தில் விட்டுவிட்டால், அதையும் ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துகொண்டீர்கள். இதைவிட மலிவான சோதனை எனக்குத் தெரியவில்லை.

## வழி 1: ஜாம் எழுதி ஐ.ஐ.டி.க்குப் போவது

ஜாம் என்பது ஐ.ஐ.டி.கள் நடத்தும் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு. இயற்பியல், வேதியியல், கணிதம், கணிதப் புள்ளியியல், உயிரித் தொழில்நுட்பம், நிலவியல், பொருளியல் என ஏழு தாள்கள். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க். பிப்ரவரியில் தேர்வு. மதிப்பெண் அந்த ஆண்டு சேர்க்கைக்கு மட்டுமே செல்லும்.

பாடத்திட்டம் முழுக்க பி.எஸ்சி. தரம்தான் என்பதுதான் இதன் பெரிய பலன். ஜாமுக்குப் படிப்பது, அன்று சரியாகப் படிக்காத பி.எஸ்சி.யை இப்போது படிப்பது. ரேங்க் வராவிட்டாலும் அந்தப் படிப்பு வீணாகாது. மார்ச்சில் க்யூட் முதுகலைத் தேர்வு வரும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமும் புதுச்சேரி பல்கலைக்கழகமும் அதை வைத்துத்தான் சேர்க்கின்றன. ஒரே தயாரிப்பில் இரண்டையும் எழுதிவிடலாம்.

மறைந்திருக்கும் சங்கதிகள் இரண்டு. தேர்வு எழுத அனுமதிப்பது வேறு, இடம் கொடுப்பது வேறு. திருச்சி என்.ஐ.டி. போன்றவற்றுக்கு ஜாம் மதிப்பெண்ணை வைத்து நடக்கும் சிசிஎம்என் கலந்தாய்வில், பொதுப் பிரிவுக்கும் ஓ.பி.சி.க்கும் இளநிலையில் 60 விழுக்காடு அல்லது 6.5 சிஜிபிஏ வேண்டும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 55 அல்லது 6.0. நல்ல ரேங்க் வாங்கிவிட்டு இந்த வரியில் மாட்டிக்கொள்வது கொடுமை. மத்தியப் பல்கலைக்கழகத் துறைகளும் தங்களுக்கென்று ஒரு குறைந்தபட்சம் வைத்திருக்கும். விண்ணப்பிக்கும் முன் அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டில், உங்கள் பாடத்துக்கு நேரே உள்ள தகுதி வரியைப் படியுங்கள்; யூடியூப் சொல்வதை நம்பி ஒரு வருடத்தைக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, உள்ளே போன பிறகு. ஐ.ஐ.டி. வகுப்பில் உங்களோடு உட்கார்ந்திருப்பவர்கள் நாடு முழுக்க வடிகட்டி வந்தவர்கள். அடிப்படை நன்றாக ஊறாமல் தேர்வு நுட்பத்தால் மட்டும் உள்ளே போனவர், அங்கே 5.5 சிஜிபிஏ எடுக்கவே போராடலாம். பிஎச்.டி.க்கு அந்த 55-தானே வாசல்? பெரிய பெயருள்ள இடத்தில் இரண்டாவது முறையும் குறைந்த மார்க் வாங்குவதுதான் இந்தப் பயணத்தில் மிகப் பெரிய ஆபத்து. முதல் முறைக்குச் சொன்ன காரணத்தை இரண்டாவது முறை யாரும் கேட்க மாட்டார்கள்.

கணக்கு கைவரப் பெற்றவர்கள், சூழ்நிலையால் மட்டும் மார்க் இழந்தவர்கள், வீட்டில் ஒரு வருடம் பொறுத்துக்கொள்ளக்கூடியவர்கள்: இவர்களுக்கு இது நல்ல வழி. முடிந்தவரை வேலையை விடாமல் முதல் முறை எழுதிப் பாருங்கள். இரண்டாவது வருடமும் அதற்கென்றே உட்கார்வதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

## வழி 2: மாநிலப் பல்கலைக்கழகத்திலோ கல்லூரியிலோ எம்.எஸ்சி.

வீட்டில் சொன்னால் “இதற்கா வேலையை விடுகிறாய்?” என்பார்கள். நான் பெரும்பாலானவர்களுக்குச் சொல்வது இதைத்தான்.

பல அரசு, உதவி பெறும் கல்லூரிகளில் எம்.எஸ்சி.க்கு அந்தப் பாடத்தில் பி.எஸ்சி. தேர்ச்சியே தகுதி, வரிசைப்படுத்தும்போது மட்டும் பழைய மார்க் வரும். நகரத்தின் பெயர்பெற்ற கல்லூரியில் இடம் கிடைப்பது கஷ்டம். மாவட்டத் தலைநகரில் இருக்கும் அரசுக் கல்லூரியில் 52-க்கும் வாய்ப்பு உண்டு, கட்டணமும் தாங்கக்கூடியது. பெரும்பாலும் அகமதிப்பீடு 25, செமஸ்டர் தேர்வு 75 என்ற முறைதான். உங்களுக்கு ஏற்கெனவே பழகிய ஆட்டம் இது. ஒழுங்காகப் படித்தால் 70 எட்டக்கூடியதே. அந்த 70 வந்த நாளிலிருந்து நெட் விண்ணப்பத்திலும் பிஎச்.டி. விண்ணப்பத்திலும் அதுதான் உங்கள் மார்க்.

இதன் மறைமுகச் செலவை மறைக்க மாட்டேன். சில கல்லூரிகளில் ஆய்வகக் கருவிகள் பழையவை, ரெக்கார்டு எழுதுவதே செய்முறை என்று ஆகியிருக்கும். முதுகலையில் பாஸ் மார்க் 50 என்பதால், இளநிலையில் 40-ஐத் தொட்டுத் தப்பித்த பழக்கம் இங்கே அரியராக வந்து நிற்கும். பாடம் சிலபஸோடு நின்றுவிடும். நெட் தேர்வின் தரத்துக்கு நீங்களேதான் தனியாகப் படிக்க வேண்டும்.

அதனால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் பெயரையும் விட்டுவிட்டு மூன்று விஷயங்களை விசாரியுங்கள். துறையில் பிஎச்.டி. வழிகாட்டிகளாக இருக்கும் ஆசிரியர்கள் எத்தனை பேர்? கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டை வெளி ஆய்வகத்தில் செய்ய அனுமதிக்கிறார்களா? போன வருட மாணவர்கள் எங்கே ப்ராஜெக்ட் செய்தார்கள்? இரண்டாவது கேள்விக்கு ஆம் என்றால் நிறைய மாறிவிடும். சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் என்று நம் மாநிலத்துக்குள்ளேயே நல்ல இடங்கள் இருக்கின்றன. அங்கே நாலு மாதம் ஒருவரிடம் ஒழுங்காக வேலை செய்து வாங்கும் பரிந்துரைக் கடிதம், பி.எஸ்சி. மார்க்கைப் பற்றிய பேச்சையே பாதியில் நிறுத்திவிடும். முதல் செமஸ்டரிலேயே மின்னஞ்சல் அனுப்பத் தொடங்குங்கள்; மூன்றாவதில் கேட்டால் இடம் நிரம்பியிருக்கும்.

பல்கலைக்கழக வளாகத் துறைகள் இன்னும் ஒரு படி மேல். ஜி. என். ராமச்சந்திரன் உருவாக்கிய படிகவியல், உயிர் இயற்பியல் துறை சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட துறைகளில் பிஎச்.டி. மாணவர்கள் பக்கத்து அறையில் இருப்பார்கள். அவர்களோடு பேசுவதே ஒரு படிப்பு.

## வழி 3: வேலையை விடாமல் தொலைநிலை எம்.எஸ்சி.

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் இயற்பியல், வேதியியல் உட்பட எம்.எஸ்சி. படிப்புகள் உண்டு. குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் நான்கு ஆண்டில் முடிக்கலாம். யுஜிசி அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022-இல் யுஜிசி மறுபடியும் தெளிவாக்கியிருக்கிறது. எனவே நெட் எழுதத் தடை இல்லை, சம்பளமும் நிற்காது.

ஆனால் மூன்றாவது கேள்வியில் இது தோற்கிறது. செய்முறை வகுப்புகளுக்கு மொத்தமாக விடுப்பு எடுக்க வேண்டும், அதுவும் சில வாரங்கள்தான். உங்களை முகம் பார்த்துத் தெரிந்த ஆசிரியர் இருக்க மாட்டார். பிஎச்.டி. நேர்காணலில் “எந்தக் கருவியில் வேலை செய்திருக்கிறீர்கள்?” என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்க வேண்டியிருக்கும். கணிதத்துக்கும் கோட்பாட்டுப் பாடங்களுக்கும் பரவாயில்லை, வேதியியலுக்கும் உயிரியலுக்கும் கஷ்டம். குடும்பம் உங்கள் சம்பளத்தில்தான் நடக்கிறது என்றாலோ, பி.எட். முடித்துவிட்டு முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு எம்.எஸ்சி. மட்டும் வேண்டும் என்றாலோ, தயங்காமல் இதை எடுக்கலாம்.

## வழி 4: முதலில் ஆய்வகத்தில் ப்ராஜெக்ட் வேலை

ஆராய்ச்சி நிறுவனங்கள் ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட் பணிக்கு பி.எஸ்சி. முடித்தவர்களையும் எடுக்கின்றன. நேர்காணல் அறிவிப்பு அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் வரும். ஆராய்ச்சி வாழ்க்கை உங்களுக்கு ஒத்துவருமா என்று சம்பளத்தோடு தெரிந்துகொள்ளலாம். ஆனால் புதிய மார்க் எதுவும் கிடைக்காது, ஒப்பந்தம் ப்ராஜெக்ட் முடியும்வரைதான், அதே இடத்துக்கு எம்.எஸ்சி. முடித்தவர்களும் போட்டிக்கு வருவார்கள். ஒரு ப்ராஜெக்டிலிருந்து இன்னொன்று என்று நான்கைந்து வருடம் ஓடிவிடும் அபாயமும் உண்டு. எம்.எஸ்சி.க்கும் பிஎச்.டி.க்கும் இடையில் ஒரு வருடம் செய்தால் இது மிகப் பயனுள்ள வழி. எம்.எஸ்சி.க்கு முன்பு அவ்வளவு இல்லை.

## வழி 5: ஜெர்மனி

கட்டணம் இல்லை என்பதால் பலரும் கேட்கும் நாடு. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அது உண்மை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது. அங்கே நம் மார்க்கை ஒரு சூத்திரத்தால் மாற்றுவார்கள்: மொத்த மார்க்கிலிருந்து உங்கள் மார்க்கைக் கழித்து, அதை மொத்தத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுவது. 1 என்பது சிறந்தது, 4 என்பது வெறும் தேர்ச்சி. பாஸ் மார்க் 40 என்றால் உங்கள் 52, அங்கே 3.4 ஆகிறது. பல எம்.எஸ்சி. படிப்புகள் 2.5-ஐ ஒட்டி எல்லை போடுகின்றன. அதற்கு நம் கணக்கில் 70 வேண்டும். சூத்திரத்துக்கு உங்கள் கதை கேட்காது.

செலவையும் பாருங்கள். விசாவுக்கு முன், நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய், முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். குறைந்த மார்க்கோடு நேராக இங்கே குதிப்பதைவிட, இந்தியாவில் எம்.எஸ்சி. முடித்து அங்கே பிஎச்.டி.க்கு முயல்வது மேல். அங்கே பிஎச்.டி.யில் பெரும்பாலும் உங்களை எடுத்துக்கொள்ளும் பேராசிரியரின் முடிவுதான் முக்கியம், ஆய்வக அனுபவத்துக்கு மதிப்பு உண்டு.

இன்னொரு பி.எஸ்சி. படிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். பாடமே மாறுகிறது என்றால், உதாரணமாக பி.காம். முடித்தவர் இயற்பியலுக்கு வர வேண்டுமென்றால், வேறு வழியில்லை. அதே பாடத்தில் மார்க்கை உயர்த்துவதற்காக மூன்று வருடம் கொடுப்பது வேண்டாம். அதில் இரண்டு வருடத்தில் எம்.எஸ்சி.யே முடிந்துவிடும்.

## ஒரே பார்வையில்

| வழி | பழைய மார்க் தடையா? | கையில் வருவது | மறைந்த செலவு | கைகூடாவிட்டால் |
|---|---|---|---|---|
| ஜாம் | சில இடங்களில் ஆம் | ஐ.ஐ.டி. பட்டம், நல்ல ஆய்வகம் | ஒரு வருடச் சம்பளம், உள்ளே மறுபடி மார்க் சரியும் ஆபத்து | அடிப்படை வலுவாகும், க்யூட் எழுதலாம் |
| மாநில எம்.எஸ்சி. | பெரிய தடை இல்லை | புதிய மார்க், ப்ராஜெக்ட், கடிதம் | இரண்டு வருடச் சம்பளம், தனிப்படிப்பு | ஆசிரியர் பணிக்கான பட்டம் |
| தொலைநிலை | இல்லை | புதிய மார்க் | ஆய்வகமும் கடிதமும் இல்லை | வேலை அப்படியே இருக்கும் |
| ப்ராஜெக்ட் வேலை | ஓரளவு | அனுபவம், கடிதம் | வருடங்கள் ஓடிவிடும் | ஆய்வக அனுபவம் மட்டும் |
| ஜெர்மனி | பெரிய தடை | வெளிநாட்டுப் பட்டம் | முன்பணம், மொழி | கடன் |

## நானாக இருந்தால் வகுக்கும் திட்டம்

ஜூலையில் என்பிடெல் பாடம் தொடங்கும், வேலையிலிருந்தபடியே சேர்வேன். செப்டம்பர் வாக்கில் ஜாம் விண்ணப்பம் வரும்போது போட்டுவைத்து, பிப்ரவரியில் ஜாமும் மார்ச்சில் க்யூட்டும் எழுதுவேன். இடம் வந்தால் சரி. வரவில்லையென்றால் அதே ஆண்டு மாநிலக் கல்லூரியில் சேர்ந்துவிடுவேன், இன்னொரு வருடம் காத்திருக்க மாட்டேன். ஜே.ஆர்.எஃப்.க்கு வயது வரம்பு உண்டு. ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் பெண்களுக்கும் தளர்வு இருந்தாலும், வீணாகும் ஒவ்வொரு வருடமும் அந்தக் கணக்கில் கழியும். அதே நெட் தேர்வில் கிடைக்கும் விரிவுரையாளர் தகுதிக்கு வயது வரம்பு இல்லை என்பதால் முப்பதைத் தாண்டியவர்களும் மனம் விட வேண்டியதில்லை.

நேர்காணலில் பழைய மார்க் பற்றிக் கேட்பார்கள். இரண்டு வாக்கியத்தில் உண்மையைச் சொல்லிவிட்டு, இப்போது என்ன படித்திருக்கிறீர்கள் என்பதற்கு வந்துவிடுங்கள். அவர்களுக்கு வேண்டியது அடிப்படைக் கேள்விக்கு கரும்பலகையில் நீங்கள் போட்டுக் காட்டும் விடை. “உங்களுக்குப் பிடித்த பகுதி எது?” என்று கேட்டால், கடைசிவரை தோண்டினாலும் பதில் சொல்லக்கூடிய ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.

விண்ணப்பத்துக்குத் தேவையான காகிதங்களை இப்போதே எடுத்து வையுங்கள். கன்சாலிடேட்டட் மார்க் ஷீட், டிகிரி சான்றிதழ், டி.சி. ஆகியவை கல்லூரியிலேயே கிடந்தால் போய் வாங்கிவிடுங்கள். பி.சி., எம்.பி.சி. பிரிவினர் மாநிலச் சாதிச் சான்றிதழ் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். ஜாமுக்கும் க்யூட்டுக்கும் மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் வரவில்லை என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும், அதுவும் புதிய தேதியில். தாலுகா அலுவலகத்தில் அது கையில் வர நாள் பிடிக்கும், விண்ணப்பக் கடைசித் தேதி வரை விட்டுவைக்காதீர்கள்.